மூன்று மிருகம், ஒரே மரக்கட்டை

"பள்ளி நாட்களில் மறக்க முடியாத நிகழ்ச்சி" என்று பழைய மாணவர் மலர்க் குழு தலைப்புக் கொடுத்தால் நம்மவர்களில் பாதிப் பேர் கிரிக்கெட் மட்சைப் பற்றி எழுதுவார்கள், மீதிப் பேர் விடுதிப் பருப்பைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. நான் 1991 இல் மலையகத்தில் நமது பாடசாலை விஞ்ஞான மன்றம் நடத்திய விவாதப் போட்டியைப் பற்றி எழுதுகிறேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இன்று டொரொண்டோ, லண்டன், மெல்பேர்ண் என்று சிதறிப் போயிருந்தாலும் "மரக்கட்டை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், சிரித்துவிடுவார்கள்.

தலைப்பு: "மனிதன் கூர்ப்பின் விளைவே." கூர்ப்பு என்றால் பரிணாமம். நான் பேசவில்லை. மேடை ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் மணி அடிக்கும் உத்தியோகம்தான் எனக்குக் கிடைத்தது. மணி அடிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கத்தையும் காது கொடுத்துக் கேட்கலாம், எந்தப் பக்கத்துக்கும் கை தட்ட வேண்டியதில்லை.

போட்டியை ஏற்பாடு செய்தவர் எங்கள் விலங்கியல் சேர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருநாளும் கண்டதில்லை. ஆடியில் கதிர்காமம் போய்வருவார். அதே ஆள்தான் கூர்ப்பையும் படிப்பித்தார். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை, சங்கடம் எங்களால்தான். கொப்பியில் "உயிரின் தோற்றம் பற்றிய கொள்கைகள்" என்று சிவப்பு மையில் கோடு போட்டு, முதலாவது கடவுள் படைத்தார் என்ற விசேட படைப்பு, அடுத்தது உயிரற்றதிலிருந்து உயிர் தானே தோன்றும் என்ற தன்னிச்சைப் பிறப்பு என்று வரிசை மாறாமல் பாடமாக்கினோம். காலையில் டார்வின், பின்னேரம் கோயில் அல்லது சேர்ச். ஒன்றோடொன்று முட்டவே இல்லை. "நம்புறவனோட பேசலாம். நம்பாதவனோடயும் பேசலாம். இவனுங்க ரெண்டையும் நம்பாம ரெண்டையும் பாடமாக்குறானுங்க, இவனுங்களோட என்னத்தப் பேச?" என்று ஒருநாள் ஆய்வுகூடத்தில் சத்தம் போட்டார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் விவாதப் போட்டி.

ஆதரவு அணித் தலைவன் எங்கள் மொனிட்டர். 1859 நவம்பரில் டார்வினின் நூல் வெளிவந்ததையும், இரண்டே வருடத்தில் ஜேர்மனியில் இறகும் எலும்பு வாலும் சேர்ந்த, பறவைக்கும் ஊர்வனவுக்கும் இடைப்பட்ட ஆர்க்கியொப்டெரிக்ஸ் உயிர்ச்சுவடு அகப்பட்டதையும் ஒழுங்காகச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. எதிரணியின் முதல் பேச்சாளன், உலகத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்: "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னமும் ஏன் குரங்கு இருக்கிறது?" மண்டபத் தகரத்தில் அந்நேரம் உண்மையாகவே குரங்குகள் ஓடிக்கொண்டிருந்தன. கைதட்டலில் அவற்றின் சத்தம் கேட்காமல் போயிற்று.

ஆதரவு அணியில் அடுத்து எழுந்தவன் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன், அதிகம் பேசாதவன். "எங்க பாட்டன் திருச்சிப் பக்கமிருந்து தோணியேறி வந்தாரு. திருச்சியில இன்னமும் சனம் இருக்கே, அப்ப நாங்க வரவே இல்லியா?" என்று கேட்டான். பிறகுதான் விளக்கினான். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரண்டு கிளையில் அது ஒன்று, நாம் ஒன்று. அந்தக் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை இத்தனை வருடத்தில் நான் எங்கும் வாசிக்கவில்லை. மலையகத்தானுக்குத்தான் அப்படி வாயில் வரும்.

அதன் பிறகு தசாவதாரம் வந்தது, வராமல் இருக்குமா? மச்சம் நீரில், கூர்மம் நீரிலும் நிலத்திலும், வராகம் நிலத்தில், நரசிம்மம் பாதி மனிதன், வாமனன் குள்ளன். டார்வினுக்கு ஆயிரமாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்று ஆதரவு அணியின் மூன்றாமவன் முழங்க, நடுவராக இருந்த தமிழ் ஆசிரியர் எழுந்து நிற்காத குறை. சேர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "அங்க இறங்கி வர்றது ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள். கூர்ப்புல ஆள் மாறுறதே இல்ல, தலைமுறை தலைமுறையாக் கூட்டந்தான் மாறுது" என்று பிறகு வகுப்பில் சொன்னார். சிவபுராணத்தில் புல்லாகிப் பூடாகிப் பிறந்து இளைப்பதும் ஓர் உயிரின் பயணம்தான். பக்திக்குப் பக்தியாகவே அது நிற்கட்டும் என்பது அவர் கட்சி. வெளிநாட்டிலும் நம் மேடைகளில் இந்தத் தசாவதார வாதம் இன்னமும் உலாவுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுளித்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

கடைசியாக எதிரணித் தலைவி. தோட்டத்துச் சேர்ச் உபதேசியாரின் மகள். கையில் தாள் இல்லை. நேரே சுவரில் தொங்கிய வரைபடத்துக்குப் போனாள். ஆய்வுகூடத்திலிருந்து ஆதரவு அணி கொண்டுவந்து மாட்டியிருந்த முளைய (கரு) வரைபடம் அது. மீன், ஆமை, கோழி, பன்றி, முயல், மனிதன் என்று நிரையாக இருக்கும். முதல் வரிசையில் எல்லாம் ஒரே அச்சு, கீழே வரவர வேறுபடும்.

"இந்தப் படங்களின் மூலம் ஜேர்மன் விலங்கியலாளர் ஏர்ணஸ்ட் ஹெக்கல். அவர் 1868 இல் வெளியிட்ட நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் முளையம் என்று பக்கத்தில் பக்கத்தில் மூன்று படம் போட்டார். மூன்றும் ஒரே அச்சு மரக்கட்டையில் அடித்த ஒரே படம். பாசெல் நகரத்துப் பேராசிரியர் ருட்டிமேயர் அதைப் பிடித்தார். ஹெக்கல் அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டியதாயிற்று." திரும்பி எங்களைப் பார்த்தாள். "மூன்று மிருகம், ஒரே மரக்கட்டை. இதைத்தான் நாம் சோதனைக்குப் படிக்கிறோம்."

ஐந்தாம் நிமிடத்து மணியை அடித்தேன். யாருக்கும் கேட்டிருக்காது. எதிரணி வென்றது. வெல்லத்தான் வேண்டும், அன்று மேடையில் புதிதாக ஓர் உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

இதில் எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து இலவசமாகத் தபாலில் வரும் சிறு நூல்கள் சேர்ச் வாசலில் அடுக்கியிருக்கும். அதில் ஒன்றில் ஹெக்கல் பற்றி இரண்டு வரி கண்டு, உண்மையா என்று அவள் சேரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். சேர் இரண்டு நாள் கழித்து, ருட்டிமேயரின் பெயர், ஆண்டு எல்லாம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "உண்மைதான் பிள்ளை, மேடையில சொல்லு" என்றாராம். தன் பாடத்தைத் தாக்கத் தானே தோட்டா கொடுத்த மனுசன்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையை நடுவில் பிரித்து, ஒரு பக்கம் "போனது", மறு பக்கம் "இருப்பது" என்று எழுதினார். போன பக்கத்தில் அந்தப் படம். அதோடு, முளையம் தன் மூதாதையர் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்தே வளர்கிறது என்ற ஹெக்கலின் விதியும். இருக்கும் பக்கத்தில், நாலைந்து வார மனித முளையத்தின் தொண்டைப் பகுதியில் தோன்றும் வளைவுகள். மீனில் அவை பூக்களை, அதாவது செவுள்களை, தாங்கும். நம்மில் அவை ஒருபோதும் பூவாவதில்லை, தாடையின் பகுதியாகவும் நடுக்காதின் சிறு எலும்புகளாகவும் குரல்வளைக் கசியிழையமாகவும் (குருத்தெலும்பாகவும்) மாறுகின்றன. "கட்டையத் தூக்கி அடுப்புல போட்டாலும் இந்த வளைவு போகாது. கட்டையக் கண்டுபிடிச்சது யாரு, பாதிரியாரா? அவனும் ஒரு விலங்கியல்காரன்."

அடுத்தது தேயிலை. பாடசாலைக்குப் பின்னால் இருந்த மலைக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் பழைய விதைத் தேயிலை, பாதைக்கு அந்தப் பக்கம், விதையில்லாமல் வெட்டுத் துண்டில் பெருக்கிய வீ.பி. தேயிலை. நாங்கள் எல்லோரும் அந்தச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள், ஆனால் அன்றுதான் பார்த்தோம். விதைத் தேயிலையில் ஒரு செடியின் இலை அகலம், அடுத்ததில் ஒடுக்கம். ஒன்று வெளிர்பச்சை, ஒன்று கரும்பச்சை, ஒன்றின் கொழுந்தில் செம்மை. ஒன்று தளிர் விட்டிருக்க, பக்கத்துச் செடி இன்னும் சும்மா நிற்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் சேர் கேட்டபோது, "ரெண்டு செடி ஒண்ணா இருக்காது சேர், கைக்கே தெரியுமே" என்றார். வேறுபாட்டைக் காட்ட டார்வினுக்குப் புறா, எங்களுக்கு இது. தலவாக்கலை சென் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இப்படிப்பட்ட செடிகளில் நல்லதாகப் பார்த்துத் தெரிவு செய்து, வெட்டுத் துண்டில் பெருக்கியதுதான் 2025 என்ற எண்ணுள்ளது மாதிரியான வீ.பி. இனங்கள். தெரிவு செய்ய மனிதன் கை இருந்தால் அது, குளிரும் நோயும் பூச்சியும் அந்த வேலையைச் செய்தால் இயற்கைத் தேர்வு. வேறுபாடு இல்லாவிட்டால் தெரிவு செய்ய எதுவும் இல்லை.

வேறுபாடு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோப்பியைக் காட்டினார். 1869 இல் கோப்பி இலைத் துரு இந்த மலைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவெயிட்ஸ் நோய் பிடித்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார், அங்கே பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார்கள். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் அதே துவெயிட்ஸ்தான். ஏறத்தாழ ஒரேமாதிரியான கோப்பிச் செடி மலை மலையாக நின்றது. இருபது வருடத்துக்குள் தொழிலே படுத்துவிட்டது. அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது, அதைப் பறிக்க எங்கள் பாட்டிமார் வந்தார்கள். கூர்ப்பு என்பது டைனோசர் கதை என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது எங்கள் லயம் வந்த கதையாகவும் இருந்தது.

மூன்றாம் தவணையில் கோச்சியேறி ஓஹியாவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்கு நடந்தோம். பாசி பிடித்த ஒரு கிளையில் கொம்பு ஓணான். ஒரு சாண் அருகில் போனாலும் ஓடவில்லை, கண்ணை மட்டும் உருட்டியது. மூக்கு நுனியில் வெளிறிய ஒரு கொம்பு, காண்டாமிருகத்துக்கு இருப்பது மாதிரி. இந்தப் பேரினம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. நக்கிள்ஸ் மலையில் இலை போலத் தட்டையான கொம்போடு வேறோர் இனம், தாழ்ந்த ஈரக் காட்டில் இன்னொன்று. 1998 இல் ரக்வானை மலைப் பக்கத்திலிருந்து மேலும் இரண்டு இனங்கள் விவரிக்கப்பட்டன.

"மலைக்கு ஒண்ணா ஏன் இருக்கு?" என்றார் சேர்.

"ஆண்டவருக்கு விருப்பம் சேர்" என்றாள் உபதேசியார் மகள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"சரி. இதே குளிர் ஸ்கொட்லாந்துலயும் இருக்குன்னுதான் தொரைமாரு தோட்டத்துக்கெல்லாம் தங்க ஊர்ப் பேர வச்சாங்க. அங்க இந்த ஓணான் ஏன் இல்ல? இதோட சொந்தக்காரன் எல்லாம் கீழ இந்தச் சூட்டுக் காட்டுலயும் ஆசியாவுலயும் இருக்கான். குளிருக்காகப் படைச்சிருந்தா குளிர் இருக்கிற இடமெல்லாம் இருக்கணும். பக்கத்துலேர்ந்து ஏறி வந்து மாறியிருந்தா இங்க மட்டுந்தான் இருக்கும்."

அவள் பதில் சொல்லவில்லை, கொப்பியில் குறித்துக்கொண்டாள். 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் பனி மூடிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேர் சாதாரணமாகச் சொன்னார்: "ஒங்க மரக்கட்டைக்காரர் 1882 இல இந்த இடத்துக்கு வந்து போனவர் தெரியுமா?" ஹெக்கல் இலங்கைக்கு வந்து, வெலிகமையில் கடலுயிர்களை ஆராய்ந்து, பிறகு பேராதனைப் பூங்காவின் ட்ரைமனோடு இந்தச் சமவெளிக்கு ஏறியிருக்கிறார். அவரும் இதே பனியைப் பார்த்துத் திரும்பியிருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கனடாவுக்கு வந்தபின் இந்தச் சண்டையை அதன் சொந்த ஊரில் பார்த்தேன். 2005 இல் பென்சில்வேனியாவில் டோவர் என்ற சிற்றூர்ப் பாடசாலை விவகாரம் நீதிமன்றம் போனது. படைப்புக் கொள்கையைப் பெயர் மாற்றி "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று உயிரியல் வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். அதன் சார்பில் சாட்சி சொன்ன பேராசிரியர் பீஹே, விஞ்ஞானக் கொள்கைக்குத் தான் சொல்லும் வரைவிலக்கணத்தின்படி சோதிடமும் அதில் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். நம் சாத்திரியார்கள் அறிந்திருந்தால் பொங்கல் வைத்திருப்பார்கள். டிசெம்பரில் நீதிபதி ஜோன்ஸ், அது விஞ்ஞானமல்ல, சமயம் என்று தீர்ப்பளித்தார். அங்கே குறுக்கு விசாரணை இருந்தது, நாட்கணக்கில் சாட்சியம் இருந்தது. எங்கள் மேடையில் ஆளுக்கு ஐந்து நிமிடமும் நானும் மணியும். கூர்ப்பை விவாத மேடையில் வைப்பதை இன்றும் நான் விரும்புவதில்லை. வாய் உள்ளவன் வெல்வான், ஓணான் வராது. ஆனால் சேர் மேடையோடு விடவில்லை, எங்களை மலைக்கு நடக்க வைத்தார்.

எதிரணித் தலைவி இன்று மெல்பேர்ணில் நோயியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறார். ஞாயிறு சேர்ச் தவறுவதில்லை. இதை எழுதுமுன் அவரோடு பேசினேன். கூர்ப்பை ஏற்கிறாரா என்று கேட்டதற்கு, தினமும் மருந்துக்கு மசியாத பக்டீரியாவோடு மாரடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்றார். படைத்தவர் இருக்கிறாரா என்றதற்கும் அதே வேகத்தில் ஆம் என்றார். "எழுதுங்க, ஆனா அன்னைக்கு நாங்க ஜெயிச்சத மறக்காமப் போடுங்க." போட்டுவிட்டேன்.

சென்ற வருடம் ஊருக்குப் போன நண்பர் ஒருவர் நமது ஆய்வுகூடத்தைப் படமெடுத்து அனுப்பினார். முளைய வரைபடம் ஓரம் கிழிந்து, பழுப்பேறி, இன்னமும் அதே சுவரில் தொங்குகிறது. சங்கம் இப்போது ஆய்வுகூட நிதி சேர்க்கிறது, பட்டியலில் நுணுக்குக்காட்டிகள் இருக்கின்றன, நல்லது. அதோடு ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறேன். 1997 இல் முளையவியலாளர் மைக்கல் ரிச்சர்ட்சனும் குழுவினரும் உண்மையான முளையங்களின் புகைப்படங்களை வெளியிட்டு, ஹெக்கல் வரைந்ததைவிட அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டுப் பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். பழையதைக் கழற்ற வேண்டாம். அச்சுச் செலவு என்னுடையது. சட்டம் போட ஹட்டனில் ஆள் இருக்கிறார். டிசெம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களில் யாராவது சுருளைக் கொண்டுபோக முடியுமென்றால் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.