அம்பையிலிருந்து ஐகிரவுண்ட்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 3

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆச்சியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரவில் அம்மா இருப்பாள், பகலில் நான். வராந்தாவில் அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் செருகி வரிசைப்படுத்தும் கணினி முறையான இன்சர்ஷன் சார்ட்டைத் தாளில் நடத்திப் பார்த்தேன். ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும் பட்டியலை அது விரைவிலேயே முடித்துவிடுகிறது. தலைகீழாக இருக்கும் ஆயிரம் எண்களுக்கோ 4,99,500 ஒப்பீடுகள் ஆகின்றன.

நவம்பர் 4

மழை. செங்கோட்டை ரயிலில் நிற்கவும் இடமில்லை. புத்தகத்தைத் திறக்கவில்லை.

நவம்பர் 6

இன்று முழுவதும் குவிக் சார்ட் என்ற இன்னொரு வரிசைப்படுத்தும் முறை. டோனி ஹோர் 1959இல் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது இதைக் கண்டார் என்று படித்ததிலிருந்து இந்த முறை எனக்கு நெருக்கமாகிவிட்டது. ரஷ்ய வாக்கியங்களை எந்திரம் மொழிபெயர்க்க வேண்டும். அகராதியோ காந்த நாடாவில் எழுத்து வரிசைப்படி இருந்தது. வாக்கியத்தின் சொற்களையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் நாடாவை ஒருமுறை ஓட்டினாலே எல்லாவற்றுக்கும் பொருள் கிடைத்துவிடும். மற்றவற்றை ஒப்பிட பிவட் என்று ஓர் உறுப்பைத் தேர்ந்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் தள்ளும் எண்ணம் அந்தத் தேவையிலிருந்துதான் பிறந்தது.

முதல் உறுப்பையே பிவட்டாக வைத்து, ஏற்கெனவே ஏறுவரிசையில் இருந்த பத்தாயிரம் எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிரிப்பிலும் ஒரு பக்கம் காலியாகவே இருப்பதால் ஒப்பீடுகள் ஐந்து கோடியை நெருங்கின. அதே எண்களைக் கலைத்துக் கொடுத்தபோது இரண்டு லட்சத்துக்குள் முடிந்தது. பிவட்டை ஏதோ ஓரிடத்திலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும் என்பது தெரியும். ஆனாலும் ஒழுங்காக வந்து நிற்பதற்குத்தான் அதிகத் தண்டனை என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

நவம்பர் 7

ரிப்போர்ட் நாளை என்றார்கள்.

நவம்பர் 8

வரவில்லை.

நவம்பர் 9

வெளிநோயாளிப் பதிவேடு வந்த நேரப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் துறைவாரியாக வரிசைப்படுத்தும்போது, ஒரே துறைக்கு வந்த இருவரில் முன்னால் வந்தவர் முன்னாலேயே நிற்க வேண்டும். பட்டியலை இரண்டு பாதியாக்கி, ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்திப் பின் இணைக்கும் மெர்ஜ் சார்ட் இதைக் காப்பாற்றுகிறது. சமமானவை எதிர்ப்பட்டால் இடப்பக்கத்துப் பாதியிலிருந்து எடு என்ற ஒரே விதி போதும். குவிக் சார்ட்டும், ஹீப் சார்ட் என்ற மற்றொரு முறையும் தொலைவில் கிடக்கும் உறுப்புகளை இடம் மாற்றுவதால் வழக்கமான வடிவில் அந்த உறுதியைத் தருவதில்லை. வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் பாடத்தில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தான் என்ற நிரல்மொழிக்காக எழுதிய டிம்சார்ட், பட்டியலில் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் துண்டுகளைத் தேடி எடுத்து அவற்றை இணைக்கிறது. சமமானவற்றின் முறையையும் கலைப்பதில்லை. அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

நவம்பர் 12

ஆச்சி இன்று எழுந்து உட்கார்ந்தாள். "என்னளா எழுதுத?" என்றாள். நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் என்றேன். கணினி தந்த வரிசை: கடையம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு, கழுகுமலை. வாசித்ததும், கழுகுமலைதான் முன்னால் வர வேண்டும் என்றாள். அவள் சொன்னதே சரி. நெடுங்கணக்கில் ழகரம் ளகரத்துக்கு முன்னது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் அது பின்னால் நிற்கிறது. கடைசியில் வர வேண்டிய னகரமோ அங்கே நகரத்தை ஒட்டி நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் கணினி எழுத்துத் தரம் இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் ஒரே அடுக்கை வகுத்தது; யுனிகோடு அதைப் பின்பற்றியது. இதற்காக மெர்ஜ் சார்ட்டில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை. இரண்டு சொற்களில் எது முன்னது என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை மாற்றினால் போதும்.

நவம்பர் 13

தூக்கமில்லை. ஐந்து பொருள்கள் 120 விதமாக நிற்கலாம். ஆறு ஒப்பீடுகள் 64 விதங்களைத்தான் பிரித்தறியும். ஆகவே அவற்றை வரிசைப்படுத்த மிக மோசமான நிலையில் ஏழு ஒப்பீடுகள் வேண்டும். எந்தக் கெட்டிக்காரர் எழுதினாலும் அதற்குக் கீழே போக முடியாது.

நவம்பர் 15

ரிப்போர்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்ப்பார். அதற்கு முன் யாரும் எதுவும் சொல்வதாக இல்லை. மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன் வைக்கும் பகுதியை எழுதி முடித்தேன். 'பதம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'பத்தமடை' வந்துவிட்டது. கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் வைத்திருக்கிறேன். ஔகாரத்துக்கும் ககரத்துக்கும் இடையில் ஆய்தத்தைச் சேர்க்க வேண்டியது மட்டும் பாக்கி.