காதில் தொங்கும் டிசம்பர்

ஒஹாயோவில் டிசம்பர் வந்துவிட்டதை மற்றவர் காதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நிற்கிற டீச்சர், பேங்க் கவுண்டர் பெண், பல் டாக்டரின் உதவியாளர் என்று ஆளாளுக்கு ஒன்று தொங்கும். கிறிஸ்துமஸ் மரம், சிவப்பு மூக்கு மான், பனிமனிதன், கோடு போட்ட மிட்டாய்க் கம்பு. ஜனவரியில் அவ்வளவும் காணாமல் போகும். பிப்ரவரியில் இதயம், மார்ச் 17 செயின்ட் பாட்ரிக் தினத்துக்கு மூன்று இலை க்ளோவர், ஈஸ்டருக்கு முயல், ஜூலை 4க்கு நட்சத்திரம், வெயில் குறைந்ததும் பூசணி. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் கம்மல் மாறுவதென்றால் ஒன்று வீட்டில் விசேஷம், இல்லாவிட்டால் அடகு. மாதத்துக்கு ஒரு ஜோடி என்பது எனக்குப் புதுசு. அமெரிக்கக் காலண்டரை நான் கற்றுக்கொண்டது இந்தக் காதுகளிலிருந்துதான் என்று சொன்னால் மிகையில்லை.

நாங்கள் இருப்பது கிளீவ்லேண்டின் கிழக்குப் புறநகரில். ஈரி ஏரியின் மேல் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் பக்கம்தான் பனியாகக் கொட்டும். அதே நகரத்தின் மேற்கில் அவ்வளவு இருக்காது. கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்த்தவள் நான். எச்-4இல் இங்கே வாழலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம், சம்பாதிக்க மட்டும் கூடாது. கணவரின் கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு ஒப்புதலானால் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கேட்கலாம். 2015இல் வந்த விதி அது. அதுவரை வீடு, நூலகம், பார்க்.

"சும்மா இருக்கிற நேரத்துக்கு ஏதாவது செய்து ஆன்லைனில் வித்துடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று அக்கறையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கையால் செய்த கம்மலைக் காசுக்கு விற்றாலும் அது வேலைதான், விசா கணக்கில். எனவே செய்வதைக் கொடுப்பது மட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் புத்தகம் மட்டும் இல்லை. ஓர் அறையில் முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் மிஷின், அப்புறம் மேஜைமேல் வைக்கிற ஒரு வெட்டு மிஷின். கிரிகட் என்ற கம்பெனி தயாரிப்பு, யூட்டா மாநிலத்துக்காரர்கள். பிரின்டர் மாதிரியே இருக்கும். அச்சு மைக்குப் பதிலாக ஒரு சின்ன பிளேடு ஓடும். கணினியில் உருவம் வரைந்து கொடுத்தால், பசை தடவிய 'மேட்' என்ற விரிப்பில் ஒட்டிய பொருளை அப்படியே வெட்டித் தரும். காகிதம், ஸ்டிக்கர் தாள், துணி, மெல்லிய ரெக்சின் எல்லாம் வெட்டும். நூலக அட்டை இருந்தால் போதும், முன்பதிவு செய்துகொண்டு உட்காரலாம். ஒரு பைசா கொடுக்காமல் இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு அந்நியளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், நயாகராவைச் சொல்ல மாட்டேன், இந்த அறையைத்தான் சொல்வேன்.

காகிதத்தில் பழகிவிட்டு ரெக்சினுக்கு வந்தேன். இங்கே அதற்கு ஃபாக்ஸ் லெதர் என்று பெயர், விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை என்று சொல்லும் 'வீகன்' லேபிளும் சேர்ந்தால் விலை கூடும். பாலிஎஸ்டர் துணிமேல் பாலியூரித்தேனோ பிவிசியோ பூசியது, அவ்வளவுதான், பிளாஸ்டிக். பாலாற்றைத் தோல் தொழிலின் கழிவு என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவள் நான். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம் அது. ஆனால் அதற்காக இந்த மினுமினுப்புப் பிளாஸ்டிக்கைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டும்போது மேஜையெல்லாம் கொட்டுகிற ஜிகினாத் தூளைத் துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெட்டுவதில் சில சூட்சுமங்கள் உண்டு. ரெக்சினின் பளபளப்புப் பக்கம் கீழே, துணிப் பக்கம் மேலே இருக்கும்படி மேட்டில் ஒட்டவேண்டும். துணிப் பக்கத்தைக் கீழே வைத்தால் பஞ்சு முழுக்கப் பசையில் ஏறி, மேட்டின் ஆயுசு பாதியாகிவிடும். இப்படிக் கவிழ்த்து வைப்பதால் உருவத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு வித்தியாசம் தெரியாது, எழுத்து இருந்தால் தெரியும். ஜிகினாப் பக்கம் பசையில் சரியாகப் பிடிக்காது என்பதால் நாலு ஓரத்திலும் மாஸ்கிங் டேப். மிஷினின் குறுக்குக் கம்பியில் வெள்ளைச் சக்கரங்கள் இருந்தால் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெத்தென்ற ரெக்சினில் தண்டவாளம் போல் தடம் விழும். வெட்டி முடித்ததும் மேட்டை உடனே வெளியே எடுத்துவிடக் கூடாது. ஒரு மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்து, அடிவரை அறுபடவில்லை என்றால் அதே தடத்தில் இன்னொரு ஓட்டம் விடலாம். வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் இம்மி விலகினாலும் ஓரம் பிசிறாகிவிடும். பிளேடு நுனியில் சேரும் பஞ்சுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதில் பலமுறை குத்தி எடுத்தால் சுத்தமாகிவிடும்.

குளிர்காலத்துக்கென்று ஒன்று தனியாக உண்டு. வாசலில் பனியில் கிடந்த பார்சலைப் பிரித்ததும் வெட்டக் கூடாது. குளிரில் ரெக்சின் விறைத்திருக்கும், சுருண்ட இடம் நிமிராது. ஒரு ராத்திரி வீட்டுச் சூட்டில் விரித்து வைக்கவேண்டும்.

இதெல்லாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதுதான். யாரும் சொல்லாத விஷயத்தை அம்மா சொன்னார். என் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்தவர். காலையில் கம்பெனி வேன் வரும், சாயந்திரம் கொண்டுவந்து விடும். தோலைத் தொட்டுத் தொட்டு விரல்நுனி மரத்துப்போனவர் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு தப்பு என்று வீடியோ காலில் தெரிந்தது. மரமும் மணியுமாக நான் வெட்டி வைத்ததைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடி இது, ரெக்சினா? இழுத்துப் பாத்தியா?"

எதற்கு இழுக்க வேண்டும் என்றேன். அம்மா விளக்கினார். நிஜத் தோலில் முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுபடும். இரண்டையும் கலந்து வெட்டினால் ஒரு ஷூ ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி ஆகிவிடும். கட்டிங் பிரிவில் இருப்பவர்கள் டை என்கிற வெட்டு அச்சை எங்கே வைப்பது என்று பார்ப்பதே பாதி வேலை. ரெக்சினுக்கு முதுகும் கிடையாது, வயிறும் கிடையாது, மாட்டுக்கு முள் கீறிய தழும்பும் கிடையாது. ஆனால் பின்னால் ஒட்டியிருக்கிற துணிக்கு இழுபடும் பக்கம் உண்டு. "நீட்டுக்கு இழு, குறுக்க இழு. எந்தப் பக்கம் கொடுக்குதோ, அந்தப் பக்கமா தொங்க வுடாத." நீளமான நீர்த்துளி வடிவக் கம்மல் கொஞ்ச நாள் போட்டதும் துவண்டு, கொக்கிப் பக்கம் துளை நீள்வதற்குக் காரணம் அதுதான். இழுபடாத திசை மேலிருந்து கீழாக வரும்படி உருவத்தைத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். துளி வடிவத்தை வரிசையாக அடுக்காதே, ஒன்றுக்குத் தலை மேலே, அடுத்ததற்குத் தலை கீழே வை, இடம் மிச்சமாகும் என்று. கம்பெனியில் ஒரு சதுர அடித் தோலுக்குக் கணக்கு கேட்பார்கள். மிஷினோடு வருகிற மென்பொருள் தானாக அடுக்கும்போது இந்த அளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை. கையால் திருப்பி வைத்தால் ஒரு தாளில் கூடுதலாகச் சில ஜோடி கிடைக்கிறது.

வெட்டிய பிறகுதான் கம்மல் ஆகும். துளையில் ஒரு சின்ன வளையம், வளையத்தில் கொக்கி. வளையத்தைத் திறக்க இரண்டு குறடு வேண்டும். வெட்டுவாய்க்கு இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு கையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளவேண்டும். வாயை அகலமாகப் பிளந்தால் வட்டம் திரும்ப வராது, மூடினாலும் ஒரு மயிரிழை இடைவெளி நின்று அதன் வழியே கொக்கி நழுவும். ஒழுங்காக மூடினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று நிக்கல் பூசிய கொக்கி வாங்கினால் சிலருக்குக் காது புண்ணாகும்.  நான் சர்ஜிக்கல் ஸ்டீல் தவிர வேறு வாங்குவதில்லை.

யாருக்கு என்ன கொடுப்பது என்பது தனிக் கலை. எங்கள் பக்கத்து ஊர் பீச்வுட்டில் யூதர்கள் நிறைய. அவர்களுக்கு டிசம்பர் என்றால் ஹனுக்கா பண்டிகை, நீலமும் வெள்ளியும், பம்பரம் மாதிரி ஒரு ட்ரைடல். எல்லோர் கையிலும் கிறிஸ்துமஸ் மரத்தைத் திணிக்க முடியாது. யார் என்ன கும்பிடுகிறார்கள் என்று தெரியாதபோது பனித்துகள் வடிவம் யாரையும் சங்கடப்படுத்தாது. ஆனால் பனித்துகளின் மெல்லிய முட்கள் ரெக்சினில் நிற்காது, வெட்டும்போதே பிய்யும். ஆறே கை, கை ஒவ்வொன்றும் தடிமனாக வரைந்துகொள்ளவேண்டும். மகளின் டீச்சருக்கு, பஸ் ஓட்டுகிற பெண்மணிக்கு, நூலக அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று போனது. மறுநாளே எல்லோரும் போட்டுக்கொண்டு வந்தார்கள். கொடுத்த பொருளை மறுநாளே அணிந்து காட்டுவது இங்கே ஒரு மரியாதை. பீரோவில் பத்திரப்படுத்துவது நம் மரியாதை.

நம்மவர்களிடம் இது எடுபடாது என்று நினைத்தேன். கிளீவ்லேண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஈஸ்டர் சமயம் பார்த்து அமெரிக்கா முழுவதிலுமிருந்து பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக மாமிகள் வந்து இறங்குவார்கள். கச்சேரிக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு மாமி என் காதில் தொங்கிய பச்சை மாங்கா வடிவத்தைப் பிடித்துப் பார்த்து, "கனமே இல்லையேம்மா" என்றார். ஜிமிக்கி இழுத்து இழுத்துத் துளை கீழிறங்கிய காது அவருக்கு. கோயிலுக்கும் கச்சேரிக்கும் வைரம், வால்மார்ட்டுக்கு இது என்று தெளிவாகப் பிரித்துவிட்டார். அமெரிக்கப் பெண்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நாள் முழுக்கப் போட்டாலும் காது வலிக்காது என்பதுதான் இதன் வியாபார ரகசியம்.

வியாபாரம் என்ற சொல்லை இப்போது தைரியமாக எழுதலாம், வேலை அனுமதி அட்டை கைக்கு வந்துவிட்டது. சொந்தமாக மிஷின் வாங்கினேன். மாநிலத்தில் விற்பனையாளர் உரிமம் எடுத்தேன். 1943இல், ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்கள் கிளீவ்லேண்டில் ஆரம்பித்த ஜோஆன் துணிக்கடை, நாடு முழுக்க ஏறக்குறைய 800 கிளைகளாக வளர்ந்து, 2025 மே மாதத்தோடு மொத்தமாக மூடியது. அந்தக் கடைசித் தள்ளுபடியில் வாங்கிய ரெக்சின் தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, மகளின் கல்யாண கவுனுக்கு இங்கேதான் துணி எடுத்தேன் என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் சர்ச் ஹாலில் கைவினைச் சந்தை போடுவார்கள். மேஜை வாடகை கொடுத்து உட்கார்ந்தால், கிறிஸ்துமஸ் சாமான் நன்றி நவிலல் நாளுக்கு முன்பே பாதி போய்விடும். அதனால் மரமும் மானும் வெட்ட ஆரம்பிப்பது செப்டம்பரில், ஏ.சி. ஓடும்போதே. எங்கள் கவுன்ட்டியில் விற்பனை வரி 8 சதவீதம், சில்லறைத் தொல்லை வேண்டாம் என்று ஜோடி 12 டாலர், வரியோடு சேர்த்து. பக்கத்து மேஜைக்காரர் உள்ளூர் ஃபுட்பால் அணியின் சின்னத்தை வெட்டி விற்கச் சொன்னார், சுடச்சுடப் போகுமாம். போகும்தான். உரிமம் இல்லாமல் அடுத்தவன் சின்னத்தைத் தொட எனக்கு விருப்பமில்லை. அந்த அணியின் நிறங்களான ஆரஞ்சும் பழுப்பும் கலந்து வெறும் துளி வடிவம் வைத்தேன், யாருக்குப் புரியவேண்டுமோ அவர்களுக்குப் புரிந்தது.

அம்மாவின் கம்பெனித் தோழிகளுக்கும் கிறிஸ்துமஸுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். தையல் லைனில் பாதிப் பேர் வருஷா வருஷம் கேக் கொண்டுவருகிறவர்கள். தொங்கல் வேண்டாம், தையல் மிஷின்கிட்ட குனியும்போது மாட்டிக்கும், உள்ளே விடமாட்டாங்க என்றார் அம்மா. எனவே அவர்களுக்குத் தோடு. சுண்டு விரல் நக அளவில் நட்சத்திரம், அடியில் ஸ்டீல் குச்சி, நடுவில் ஒரு சொட்டுப் பசை. பசை முழுசாக இறுக ஒரு நாளாவது ஆகும், ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் நாற்றம் தலைவலி தரும். வெளியே மைனஸ் எட்டு, ஜன்னல் திறந்திருக்கிறது. கணவர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறார்.