பனியில் போட்ட ஓலை

கண்காட்சி முடிந்து வீடு வந்து சேர்ந்ததும் பையைக்கூட அவிழ்க்காமல் அட்டாலியில் (பரணில்) ஏறி, பெட்டி முடைய வைத்திருந்த பனை ஓலைக் கட்டை இறக்கினேன். பொங்கலுக்கு முன்பே பதம் பார்த்துக் கட்டி வைத்தது. ஒன்றை உருவி ஆள்காட்டி விரலில் சுற்றினேன். ஒரு சுற்று வந்தது; இரண்டாவது சுற்றில் மளுக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. மாசி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஓலை அப்பளமாகிவிட்டது. கீழே நின்ற என் வீட்டுக்காரர், "தண்ணீர் தெளித்து வைத்தால் ஆகாதா?" என்றார். இத்தனை வருடமாகக் கூடவே இருக்கிறார், இன்னும் இதையே கேட்கிறார்.

தண்ணீர் வேறு, பனி வேறு. குருத்தோலையை வெட்டி வந்து, தனித்தனியாகக் கிழித்து, ஈர்க்கை உரித்துவிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் போட வேண்டும். "மூன்று வெயில், மூன்று பனி" என்பது என் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின் கணக்கு. வாளித் தண்ணீரில் முக்கினால் மேல்தோல் நனையும், உள்ளே விறைப்பு அப்படியே இருக்கும். கூடுதலாக ஊறவிட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். வித்தியாசம் தெரிவது பெட்டியின் மூலையில். அங்கேதான் ஓலையை மடித்துத் திருப்ப வேண்டும். பனி குடித்த ஓலை வேட்டி மடிவதுபோல மடியும். தண்ணீரில் முக்கியது மடிப்பில் மயிரிழையாக வெடித்திருக்கும். அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து வாங்கியவர் வீட்டில் மூலை பிரிந்து நிற்கும்.

கார்த்திகையிலிருந்து தை முடிய விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஏழரை வரை முடைந்தால், சித்திரையில் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை முடிந்துவிடும். கண்காட்சிகளும் அதே மூன்று மாதத்தில்தான் வந்து குவிகின்றன. மழை விட்டு, வெயில் ஏறாத காலம், சனங்கள் குடும்பத்தோடு வெளியே வருகிற காலம். நடத்துகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. முடைய வேண்டிய நாளில் விற்கப் போகிறேன், விற்பனை இல்லாத நாளில் ஒடிகிற ஓலையோடு மல்லுக்கட்டுகிறேன். இந்த முறை மார்கழி, தை இரண்டிலும் சேர்த்து நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து முடைந்தது இருபத்தாறு காலைகள். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. திருப்பூர்ச் சாயக்கழிவு அணையில் தேங்கிக் கிணறுகளில் இறங்கிய வருடங்களில் எங்கள் தோட்டத்துத் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன. வரப்பில் இருந்த பனைகள் அசையவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது வேலை பார்த்ததும் ஒரு சாயப்பட்டறையில்தான். எங்கள் கிணற்றைக் கெடுத்த தண்ணீர்தான் எங்களுக்குச் சம்பளமும் கொடுத்தது. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர் ஒரு பையோடும் இரண்டு மாதச் சம்பளப் பாக்கியோடும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அந்தப் பங்குனியில்தான் அம்மிச்சி சொல்லிக் கொடுத்த மூடிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தேன்.

அதனால்தான் என் கடையில் சாயம் ஏற்றிய ஓலை கிடையாது. குருத்தின் வெண்மை, முற்றிய ஓலையின் மங்கிய பச்சை, அவ்வளவுதான். "வேறு கலர் இல்லையா?" என்று நாளைக்கு இருபது பேராவது கேட்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்வேன். கண்காட்சியில் நின்று இந்தக் கதையைக் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மார்கழியில் சென்னை. பத்து நாள். அறுபது மூடிப் பெட்டி, நாற்பது விசிறி, குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை ஒரு சாக்கு. கடலோரக் காற்று ஓலைக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு போனேன். நான்காம் நாள் காலை சாக்கைப் பிரித்தால் எட்டுப் பெட்டியின் மூடிகளில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். பனி இரவில் வந்து காலையில் போய்விடும். சென்னையின் ஈரம் வந்தால் போவதில்லை. பக்கத்துக் கடையில் பத்தமடைப் பாய் விற்றவர் எட்டிப் பார்த்து, "அம்மா, பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் ஓலைக்கு மூச்சு முட்டாதா? அட்டைப் பெட்டியில் வையுங்கள்" என்றார். கோரைக்கும் அதே சிக்கல் உண்டாம். எட்டையும் வெயிலில் வைத்துத் துடைத்தோம். ஐந்து தேறின. தேறாத மூன்றில் ஒன்றை, கறையோடு பார்த்தே ஒரு கல்லூரிப் பெண் பாதி விலைக்குக் கேட்டு வாங்கிப் போனாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். "இதில் என்ன வைப்பது?" பெட்டியில் என்ன வைப்பது என்று பெட்டி செய்தவளிடம் கேட்கிறார்கள். அம்மிச்சி ஒன்றில் வெற்றிலை வைத்திருந்தார், ஒன்றில் ரேஷன் கார்டும் கழற்றி வைத்த காதுத் தோடும் இருந்தன. அவரிடம் யாரும் கேட்டதில்லை. வைக்கப் பொருள் இருந்தவர்கள் பெட்டி தேடிய காலம் அது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டோம். காப்புக் கட்டிய அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் செருகினேன். ஓலை காயப்போடும் கயிற்றுக் கட்டிலிலும் ஒரு கொத்து. பட்டிப் பொங்கலுக்கு நங்கை (அண்ணி) வந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டதால் நான்கு காலை நிம்மதியாக முடைந்தேன். பனங்கிழங்கு அவித்த மணம் வீடு முழுக்க. இதற்கு மேல் பொங்கலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வேலை நடந்தது.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் கோவை சிங்காநல்லூரில் ஓலை முடையச் சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சி வகுப்பு. காங்கயத்தில் பஸ் ஏறினால் தைப்பூசக் கூட்டம். என் தோளில் இருந்த ஓலைக் கட்டைப் பார்த்துவிட்டு நடத்துநர், "காவடிக்கா, அம்மணி?" என்றார். ஆமாம் என்றிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

வகுப்புக்கு இருபத்திரண்டு பெண்கள். ஒரு நாள் வகுப்புக்கு எனக்கு மூவாயிரம் ரூபாய். அதே மூவாயிரத்தைப் பெட்டி விற்றுப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆகும். இதை வெளிப்படையாக எழுதினால் சில பேருக்குப் பிடிக்காது. கைவினையைச் சொல்லிக் கொடுப்பதை ஏதோ சேவைபோலப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வருமானம்.

ஓரத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மகள் கூட்டி வந்திருந்தாள், தனக்கு விருப்பமில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதல் ஒரு மணி நேரம் குறுக்கும் நெடுக்குமாக அடிப்பாகம் முடையச் சொன்னேன். அதில் எல்லோரும் ஒன்றுதான். இரண்டாவது மணியில்தான் ஓலை தீரும், ஒட்டுப் போட வேண்டும். முடிகிற ஓலையின் கீழே புது ஓலையைச் செருகி, மூன்று குறுக்கு தாண்டி உள்ளே தள்ளி, நுனி வெளியே தெரியாமல் அமுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும். எனக்கே அம்மிச்சியிடம் ஒரு மாதம் ஆனது.

அந்த அம்மா புது ஓலையைக் கையில் எடுத்து, பழைய ஓலை முனையோடு சேர்த்து, கண்ணை அதில் வைக்காமலே கட்டைவிரலால் ஒரு சுழற்று சுழற்றினார். முடிச்சு. ஓலையில் முடிச்சு! அது நிற்குமா, பிளந்துகொண்டது. "ஓலைக்கு முடிச்சு ஆகாதா?" என்று கேட்டார், ஏதோ ஓலைதான் தப்புச் செய்ததுபோல. மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருபத்தெட்டு வருடம் இருந்தாராம். நூல் அறுந்தால் முடிச்சு, அறுந்தால் முடிச்சு. மில் மூடி எத்தனையோ வருடமாகியும் விரல் நிற்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செருகிக் காட்டினேன். அவர் செய்தார். நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுமுறையும் அப்படியே. அப்புறம் மகள் பெட்டிக்கும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார், பக்கத்துப் பெண்ணுக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழு பெட்டி அவரிடம் வரிசையில் நின்றன. மூலை மடிப்பு மட்டும் கடைசி வரை அவருக்கு வரவில்லை. "நூலுக்கு ஏது மூலை?" என்றார்.

வகுப்பு முடிந்து அவரிடம், மாதம் நான்கு நாள் வந்து எனக்கு ஒட்டுப் போட்டுத் தர முடியுமா, கூலி தருகிறேன் என்றேன். முட்டி வலிக்கிறது, பஸ் ஏற முடியாது என்றார். பாதிப் பெட்டிகளை நானே கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு சூரஜ்குண்ட். தில்லியை ஒட்டி, ஹரியானாவின் ஃபரீதாபாத்தில், 1987 முதல் நடக்கிற கைவினை மேளா. ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவு. பெர்த்துக்கு அடியில் ஓலைக் கட்டுகள். பரிசோதகர் குனிந்து பார்த்து, துடைப்பமா என்று கேட்டார். காவடிக்கு இது பரவாயில்லை.

அங்கே விடிகாலையில் மூடுபனி. எதிர்க் கடை தெரியாது. என் ஓலைக்கு அதைவிட என்ன வேண்டும்? கையில் எடுத்தால் குழைந்து குழைந்து வந்தது. ஊரில்கூட அப்படி ஒரு பதம் பார்த்ததில்லை. ஆனால் கூட்டம் வருவது பதினொரு மணிக்கு மேல். அதற்குள் வெயில் அடித்து, வறண்ட காற்று வீசி, ஓலை முறுக்கிக்கொண்டுவிடும். எல்லோரும் சுற்றி நின்று கைபேசியில் படம் பிடிக்கும்போதுதான் மூலை மடிப்பு வெடிக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு தந்திரம் செய்தேன். காலையில் மூடுபனியில் மூலைகளை எல்லாம் மடித்து முடித்து வைத்துவிடுவேன். மத்தியானம் கூட்டத்துக்கு முன்னால் பக்கச் சுவரை மட்டும் முடைந்து காட்டுவேன். கடினமான வேலையை அங்கே யாருமே பார்க்கவில்லை.

விற்றது முழுக்க என் வீட்டுக்காரர். அவருக்கு இந்தி வரும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பீகார், ஒடிசாக்காரர்களோடு நின்று கற்ற இந்தி. இலக்கணம் கிடையாது, ஆனால் விலை பேச அதைவிடச் சிறந்த இந்தி இல்லை. "தீன் சௌ பச்சாஸ், கம் நஹி ஹோகா" (முந்நூற்றைம்பது, குறையாது) என்பதைச் சாயத்தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்வார். ஒரு நாள் வாசல் காவலாளி வந்து பெட்டிகளைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டவருக்கு இவர் திருப்பூர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணா, சாப்பிட்டீர்களா?" என்றார், நல்ல தமிழில். பனியன் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தவராம். அவிநாசி ரோட்டில் தான் தங்கியிருந்த சந்தினை விவரித்துவிட்டு, அங்கே இருந்த பரோட்டாக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மேளா முடிகிறவரை தினமும் காலை எங்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் அவருடைய மகளுக்கு என்று ஒரு கிலுகிலுப்பை கொடுத்தார். அது கணக்கு நோட்டில் ஏறவில்லை.

சரி, ஒடிந்த ஓலைக்கு வருகிறேன். வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தாம்பூலப் பெட்டி இருநூறு கேட்டு, ரயிலில் இருக்கும்போதே அழைப்பு வந்தது. தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. நேற்றுப் பனையேறும் அண்ணனைப் பார்க்கப் போனேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஐந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள், இப்போது இவர் ஒருவர். ஒரு காலத்தில் பனைகள் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போயின. 2021-இல் அரசு, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது, நல்லதுதான். மரத்தை நிறுத்த உத்தரவு போடலாம், ஏறுகிறவரை எந்த உத்தரவு கொண்டுவரும்? அண்ணன் அறுபது தாண்டியவர். "பாளை விட்டுவிட்டது, அம்மணி. இனிப் பதநீருக்கு ஏறுவேனா, உனக்குக் குருத்துக்கு ஏறுவேனா? கார்த்திகையில் கேட்டிருந்தால் தந்திருப்பேன்" என்றார். கார்த்திகையில் நான் சென்னைக்குச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் அவர் எப்போதும் வெட்டியதில்லை, கெஞ்சினாலும் நடக்காது. கெஞ்சவில்லை.

இரவு அந்த ஒடிகிற கட்டையே பிரித்து வாசலில் பாய்போல விரித்துவிட்டுப் படுத்தேன். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, பார்ப்போம் என்றுதான். ஐந்து மணிக்கு எழுந்து தொட்டால் மேல் வரிசை மட்டும் குளிர்ந்திருந்தது. ஒன்றை எடுத்து விரலில் சுற்றினேன். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதையும் முயன்று பார்க்கவில்லை. மேல் வரிசையை மட்டும் வழித்தெடுத்து, ஈரக் கோணிச் சாக்கில் சுருட்டி வைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் வருவதற்குள் எட்டு மூலை மடித்தேன்.