கேஸ் அனலைசர்: சர்டிபிகேட்டிலும் சாம்பிள் ஓட்டையிலும் பட்ட பாடு

ஃபர்னஸ் புகையில் என்ன கேஸ் எவ்வளவு என்று அளக்கும் கேஸ் அனலைசர், காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) முடிந்து பெட்டியில் வந்ததும் முதல் பக்க முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு சர்டிபிகேட்டைக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் பக்க அட்டவணைதான் முக்கியம். எங்களுக்கு வந்ததில் ஆக்சிஜன் இருந்தது, கார்பன் மோனாக்சைடுக்கு (சி.ஓ.) 100 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஒரே ஒரு புள்ளி இருந்தது, அவ்வளவுதான். மதுரையை ஒட்டிய கப்பலூர் பக்கம் ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் ரீஹீட்டிங் ஃபர்னஸில் (உலோகத்தை மறுபடி சூடாக்கும் உலை) பர்னரை டியூன் செய்தால் சி.ஓ. 1,000 பிபிஎம்மைச் சர்வசாதாரணமாகத் தொடும். அந்த உயரத்தில் கருவி சொல்வதற்கு இந்தத் தாள் பொறுப்பேற்காது. புகைக்குள் சொருகும் குழாயான புரோபில் இருக்கும் வெப்பநிலை சென்சாரை, அதாவது தெர்மோகப்பிளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆடிட்டர் ஏற்கவில்லை, பெட்டி மறுபடியும் கூரியர் ஏறியது. ஆய்வகத்தில் கேட்டால், "எந்தப் பாயிண்ட் வேணும்னு நீங்க ஆர்டர்ல எழுதலையே சார்" என்கிறார்கள்.

ஆகவே ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். ஆக்சிஜன் பூஜ்யத்தில், 5 சதவீதம் அளவில், வெளிக்காற்றின் அளவான 20.9-ல். சி.ஓ. உங்கள் ஃபர்னஸில் வரும் வீச்சைத் தொடுமாறு மூன்று புள்ளிகள். வெப்பநிலை தனியாக. புரோப், ஹோஸ், புகையின் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் எல்லாம் மாட்டிய நிலையில்தான் கேஸ் செலுத்த வேண்டும். அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் கருவி என்ன காட்டியது என்ற அளவும் வேண்டும். அது இல்லாவிட்டால் போன வருட ரீடிங்கை நம்பலாமா கூடாதா என்று தெரியாது. ஸ்பேன் கேஸ் (சரிபார்க்கப் பயன்படுத்திய, அளவு தெரிந்த கேஸ்) சிலிண்டரின் எண்ணும் காலாவதித் தேதியும் தாளில் இருக்கட்டும். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அந்த அங்கீகாரத்தில் எந்த கேஸ், எந்த வீச்சு வரை என்று பட்டியல் இருக்கும். இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

சென்சார் மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆக்சிஜன் சென்சாரான செல், கருவியைத் தொடாமல் வைத்திருந்தாலும் தேய்ந்துகொண்டே இருக்கும், பொதுவாக இரண்டு மூன்று வருடம். அதனால் உபரியாக வாங்கி அலமாரியில் வைப்பது வீண்செலவு. புது சி.ஓ. சென்சாரின் கால்களை இணைத்தபடி ஒரு சின்ன ஸ்பிரிங் வரும். அதை எடுத்துவிட்டுச் சொருகுங்கள். நைட்ரிக் ஆக்சைடு சென்சாருக்கு எப்போதும் மின்அழுத்தம் வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் சார்ஜ் ஏற்றிய கையோடு ரீடிங் எடுக்க முடியாது, நிலைப்பட மணிக்கணக்காகும்.

பாடுபடுத்துவது எல்லாம் காற்றுக் கசிவுதான். கீறல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதை. ஃபர்னஸில் உண்மையான ஆக்சிஜன் 3 சதவீதம் என்று வையுங்கள். சாம்பிளில் பத்தில் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்தால் திரையில் 4.8 வரும். உபரிக் காற்று (எரிவதற்குத் தேவையானதற்கு மேல் விடும் காற்று) 17 சதவீதமாக இருப்பது 30 போலத் தெரியும். ஆபரேட்டர் அதை நம்பி ஏர் டாம்பரை (காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்) மூடுவார், சிம்னியில் கரும்புகை கிளம்பும், பழி பர்னர்மேல் விழும். கார்பன் டைஆக்சைடை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. பெரும்பாலான கையடக்கக் கருவிகள் அதை அளப்பதில்லை, ஆக்சிஜனிலிருந்து கணக்குப் போட்டுத்தான் காட்டுகின்றன. ஆக்சிஜன் பொய் என்றால் அதுவும் கூடவே பொய்தான். எரிபொருள் தேர்வு எல்.பி.ஜி.யில் கிடந்தால் அந்தக் கணக்கு இன்னும் மோசம். ஆக்சிஜன் 5 சதவீதத்தில் எல்.பி.ஜி.க்குக் கார்பன் டைஆக்சைடு சுமார் 10.5 சதவீதம் என்றால், ஃபர்னஸ் ஆயிலுக்குச் சுமார் 12 வர வேண்டும்.

கசிவு எங்கே? முதல் சந்தேகம் வாட்டர் டிராப்பின் அடிமூடிமேல். தண்ணீரை வடித்துவிட்டு அரைகுறையாகத் திருகியிருப்பார்கள். அடுத்தது சூட்டில் காய்ந்து வெடித்த ஓ-ரிங், பிறகு ஹோஸ் கைப்பிடியில் சேரும் இடம். புரோப் நுனியை ரப்பர் மூடியால் அடையுங்கள். பம்ப் திணறி ஃப்ளோ எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ காற்று போகிறது. ஹோஸை ஒவ்வோர் இடமாக மடித்துப் பிடித்துக்கொண்டே வந்தால் இடம் பிடிபடும்.

புரோபைச் சொருகும் சாம்பிள் ஓட்டையும் ஒரு கசிவுதான். டிராஃப்ட் (உள்ளே இருக்கும் கேஸ் அழுத்தம்) எதிர்மறையாக இருந்தால் ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே ஓடும். புரோபைச் சுற்றி செராமிக் ஃபைபர் கம்பளியை அடையுங்கள். அழுத்தம் நேர்மறையாக இருந்தால் சூடான கேஸ் முகத்தில் அடிக்கும், பக்கவாட்டில் நின்றே சொருகுங்கள். ரெக்குப்பரேட்டருக்கு (புகையின் சூட்டில் பர்னர் காற்றைச் சூடாக்கும் அமைப்பு) முன்னால் கேஸ் பெரும்பாலும் 800 டிகிரிக்கு மேல். சாதா ஸ்டீல் புரோப் வளைந்துவிடும், சூடு தாங்கும் நிக்கல் கலவையான இன்கோனலோ செராமிக்கோ வேண்டும். அதற்குப் பயந்து ரெக்குப்பரேட்டர் தாண்டி அளந்தால், குளிர்விக்க விடும் காற்றும் குழாய்க் கசிவும் சேர்ந்துகொள்ளும். அந்த ரீடிங்கை வைத்து பர்னரைத் தொடவே கூடாது. முடிந்தால் இரண்டு இடத்திலும் எடுங்கள். குளிர்காற்று டாம்பர் மூடியிருக்கும்போதும் ஆக்சிஜன் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ரெக்குப்பரேட்டர் குழாயைப் பிரித்துப் பார்க்கும் வேலை வந்துவிட்டது.

ஜீரோ எடுப்பது, அதாவது ஆன் செய்ததும் கருவி தொடக்க அளவைப் பிடித்துக்கொள்வது, ஷெட்டுக்கு வெளியே, சுத்தமான காற்றில் மட்டும். புரோப் சிம்னிக்குள் இருக்கும்போது கருவியை ஆன் செய்தால் அந்தப் புகையையே 20.9 என்று எடுத்துக்கொள்ளும், அன்றைய ரீடிங் எல்லாம் குப்பை. தின்னர் வைத்துத் துடைக்காதீர்கள், சி.ஓ. சென்சார் அதன் ஆவிக்கும் துள்ளும். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பல கருவிகளின் உச்சவரம்பு 40, 45 டிகிரிதான், மதுரை வெயில் அதைத் தொட்டுவிடும்.

ஒவ்வொரு முறையும் ஃபர்னஸ் கதவு மூடி, அதே பர்னர்கள் எரிகையில் எடுத்த ரீடிங்கோடு டாம்பர் நிலை, உள்ளே இருக்கும் சரக்கின் எடை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கருவியை அணைக்காதீர்கள். வெளிக்காற்றில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிஜன் 20.9-க்கு ஏறி சி.ஓ. ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகு டிராப்பை வடித்து, சாம்பல் நிறமான ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டிப் பெட்டியில் வையுங்கள். ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் உண்டு. தேங்கிய தண்ணீர் ஒரே இரவில் அமிலமாக நின்று கருவியின் பம்ப்பில் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தைத் தின்னும்.