மக்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள்
புதுத் தொழில்நுட்பம் எது வந்தாலும் "அதெல்லாம் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள், சாதாரண ஜனங்களுக்கு என்ன புரியும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. டென்மார்க்கில் 1987-லேயே மரபணுத் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சாதாரணக் குடிமக்களைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏறக்குறைய பதினைந்து பேர், அந்தத் துறையில் வேலை செய்யாதவர்கள், முதலில் விஷயத்தைப் படித்துக்கொள்கிறார்கள், அப்புறம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், நிபுணர்கள் எல்லோர் முன்னாலும் வந்து பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அறிக்கை எழுதுவதும் அந்த மக்கள்தான். தகவல் தப்பாக இருந்தால் நிபுணர்கள் திருத்தலாம், முடிவில் கை வைக்க முடியாது!

அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கென்றே 1972-ல் தொடங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் பெரும்பாலும் நிபுணர்களை நம்பித்தான் நடந்தது, அதையும் 1995-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் 2014-ல் நாசா தன் சிறுகோள் திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. விண்வெளியைப் பற்றியே கேட்க முடிகிறது என்றால், நம் முகத்தை அடையாளம் காணும் கேமராவைப் பற்றியும், கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்க என்ன தடை?

ஒன்றே ஒன்று, எல்லாம் முடிவான பிறகு பெயருக்கு ஒரு கூட்டம் போடக் கூடாது. சட்ட வரைவு எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டும், மக்கள் சொன்னதில் எதை ஏற்கவில்லை, ஏன் என்று அரசு எழுத்தில் பதில் தர வேண்டும்.