262க்கு 262

15 மே 2023, திங்கள்

நேற்றுக் காலை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் நான் போட்ட ஒரே ஓவரில் ஐந்து வைடு. கேப்டன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பந்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். இன்று ஆபீஸில் இதைச் சொன்னதும், பக்கத்து சீட்டுக்காரர், இங்கே கனெக்டிகட்டிலேயே உள்ள நியூ பிரிட்டன் ஊர்க்காரர், பேஸ்பால் பைத்தியம், சிரித்துக்கொண்டே கேட்டார்: "எங்க ஊர் டால்கோவ்ஸ்கியைத் தெரியுமா?" தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதே வேலையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக 1957இல் ஒப்பந்தமாகி, 1965 வரை அவர்களுடையதும் மற்றவர்களுடையதுமான கீழ்நிலை அணிகளில் ஊர் ஊராகப் பந்து எறிந்தவர். அவரைவிட வேகமாக எறிந்தவன் யாருமில்லை என்று எதிரே நின்றவர்களே சொன்னார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

22 மே, திங்கள்

புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தேன். 1957இல் கிங்ஸ்போர்ட்டில் 62 இன்னிங்ஸ்: 121 ஸ்ட்ரைக் அவுட், 129 வாக், கேட்சர் பிடிக்கவே முடியாமல் போன எறிகள் 39. வென்றது ஒன்று, தோற்றது எட்டு. பேஸ்பாலில் எறிபவரின் கணக்கில் மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ். மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டு பேட்டர் அவுட் ஆனால் ஸ்ட்ரைக் அவுட். நான்கு பந்து குறி தப்பினால் பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக், நம்ம வைடுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

1960இல் ஸ்டாக்டன் அணிக்கு 170 இன்னிங்ஸ். 262 ஸ்ட்ரைக் அவுட். வாக்கும் 262! அச்சுப் பிழை என்று நினைத்து இன்னொரு இடத்திலும் பார்த்தேன், அங்கேயும் அதேதான்.

ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் ஒரு கீழ்நிலை அணியின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன், குளிரில் பல் கிட்டியது. வேலி ஓரமாக நின்று ஒரு பையன் வார்ம் அப் செய்வதைப் பார்த்தேன். பந்து கண்ணில் படவே இல்லை, கேட்சரின் கையுறையில் ஒற்றை வெடி மாதிரி சத்தம் மட்டும். அந்த நிலையில் ஆடுகிறவர்களின் குறைந்தபட்சச் சம்பளம் இந்த வருஷம்தான் 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனதாம். வருஷத்துக்கு! பக்கத்தில் பீர் விற்றவரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்.

3 ஜூன், சனி

இன்று டால்கோவ்ஸ்கியின் பிறந்தநாள். 1939.

1958இல் அவர் வேகத்தை அளக்க ராணுவத்தின் அபர்டீன் சோதனைத் தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். முந்தின நாள்தான் ஒரு ஆட்டம் எறிந்திருந்தார். ஏறி நின்று எறிய மேடு இல்லை, வெறும் தரை. கருவி பார்க்கும் இடத்துக்குள் பந்து போக வேண்டும், அதுதான் போகவில்லை. தடித்த கண்ணாடியோடு எறிந்துகொண்டே இருந்திருக்கிறார், நாற்பது நிமிஷம். கடைசியில் ஒன்று போனது: மணிக்கு 93.5 மைல், நம்ம கணக்கில் 150 கிலோமீட்டர். கை ஓய்ந்துபோன மனுஷனின் எண் அது, அதைப் போய் அவருடைய வேகம் என்கிறார்கள். எனக்குக் கோபமே வந்தது.

10 ஜூன், சனி

1962, எல்மைரா. ஏர்ல் வீவர் அந்தக் கீழ்நிலை அணிக்கு மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, வருகிறார். அதுவரை வந்தவர்கள் எல்லாம் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்துக் குழப்பியிருந்தார்கள். வீவர் குறைத்தார். இரண்டே வகைப் பந்து, நடுவில் எறி, போதும். அந்த வருஷம் 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், வாக் 114தான்.

அப்புறம் 1963 மார்ச். நியூயார்க்கின் மேஜர் லீக் அணியான யாங்கீஸுடன் பயிற்சி ஆட்டம், மேஜர் லீக்குக்குப் போவது கிட்டத்தட்ட முடிவான நேரம், முழங்கை போனது. பழைய வேகம் திரும்பவே இல்லை. முழங்கைத் தசைநாருக்கு இன்று சர்வசாதாரணமாகச் செய்யும் அறுவை சிகிச்சையை முதன்முதலாகச் செய்ததே 1974இல். இதில் கொடுமை, டாப்ஸ் நிறுவனம் வெளியிடும் ஆட்டக்காரர் பட அட்டைகளில், 1963ஆம் வருஷத்துக்கானதில், புதுமுகம் என்று அவர் படமும் வந்துவிட்டது.

பிறகு கலிபோர்னியா வயல்களில் கூலி வேலை, குடி. கடைசிக் காலத்தில் நியூ பிரிட்டனுக்கே திரும்பி, 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்திருக்கிறார். அப்போது நான் இதே வீட்டில், இருபது நிமிஷ தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

18 ஜூன், ஞாயிறு

பந்து போட ஓடிவரும் தூரத்தை நான்கு அடியாகக் குறைத்தேன். நடு ஸ்டம்பை மட்டும் பார்த்தேன்.

ஒரு வைடு. இரண்டு சிக்ஸர்.