பனி வராத நத்தார்: லெங்க் சமையலறைக் குறிப்புகள்

2022 டிசம்பர் 23, வெள்ளி

இரண்டு நாளாக மழை. போன கிழமை பெய்த பனி முழுக்கப் பீலி வழியே ஓடிப் போய்விட்டது. லெங்க் 1,068 மீட்டரில் இருக்கிற சுவிஸ் கிராமம், இந்த உயரத்தில் டிசம்பர் மழை புதினமில்லை. மேலே ஸ்கீ ஓடுகிற பெட்டல்பெர்க் உச்சியிலும் மழைதான் என்று லிஃப்டில் நிற்கிற பொடியன் கோப்பி குடிக்க வந்தபோது சொன்னான். அதுதான் புதினம்.

நான் வேலை செய்கிற ஹோட்டலில் ஒரு அறையும் காலியில்லை. காசைத் திருப்பி வாங்கக்கூடிய நாள் கடந்துவிட்டதால் எல்லாரும் வந்துவிட்டார்கள். பனி நல்லாயிருந்தால் காலை எட்டரைக்கெல்லாம் சாப்பாட்டுக்கூடம் வெறிச்சோடும். பாதிப் பேர் நின்றபடியே கோப்பியை ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். இன்றைக்குப் பத்து மணியாகியும் ஒருவரும் எழும்பவில்லை. முட்டை இரண்டாம் தரம் கேட்டார்கள். மத்தியானமும் மலையில் சாப்பிடாமல் கீழேயே சாப்பிட்டார்கள். பனி இல்லாத நாளில் சமையலறைக்கு வேலை குறையும் என்று வெளியாட்கள் நினைப்பது. எனக்கு இன்று கால் கடுக்கிறது.

2022 டிசம்பர் 27, செவ்வாய்

ஓய்வு நாள், ஸ்பீட்ஸ் வீட்டில். மகள், உயர்பள்ளி முடிக்க எழுத வேண்டிய 'மத்தூரா' கட்டுரைக்குத் தலைப்பு எடுத்துவிட்டாளாம். அடுத்த இலையுதிர் காலத்தில் ஒப்படைக்க வேண்டும். தலைப்பை ஜெர்மனில் வாசித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னாள்: "பனி குறைஞ்சால் ஸ்கீ ஓடுறவை இடம்பெயருவினமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படியில் நின்ற மனைவிக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் இடம்பெயர்வு என்றால் 1995 ஒக்டோபர் முப்பது, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலம், மழை, தலையில் பெட்டி. பிள்ளை அகராதியில் பார்த்துத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறாள், பிழை அவளுடையதில்லை.

"வேற இடம் போவினமா எண்டு எழுது பிள்ளை" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதானே அப்பா?"

மனைவி உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, "ஒண்டில்லை" என்றாள். அதோடு அந்தக் கதை நின்றது. லெங்கிற்கு வந்து விருந்தினரிடம் கேள்வி கேட்கலாமா என்று மகள் கேட்டாள். முதலாளியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

2023 ஜனவரி 1, ஞாயிறு

ஜூராவில் டெலெமோன் நகரில் இன்று 20.2 பாகை. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஜனவரியில் இருபதைத் தொட்டது இதுவே முதல் தடவை என்று வானொலி சொன்னது. ஹோட்டல் மொட்டைமாடியில் இரண்டு ஹொலண்ட் பெண்கள் கையில்லாச் சட்டையோடு இருந்து பியர் குடித்தார்கள். எதிரே மலைச்சரிவில் மண்ணிறப் புல், நடுவில் செயற்கைப் பனியால் ஒரு வெள்ளைக் கோடு. தலையில் நேர்வகிடு எடுத்த மாதிரி.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1990 ஜனவரி. சுவிஸ் என்றால் பனி என்று ஊரில் படம் பார்த்து வைத்திருந்தவன், வந்து இறங்கிய இடத்தில் பனியைக் காணவில்லை. அப்போது தொடர்ந்து மூன்று மாரி பனி பொய்த்திருந்தது: 87/88, 88/89, 89/90. பாத்திரம் கழுவச் சேர்ந்த முதல் சமையலறையில் தலைமைச் சமையல்காரக் கிழவன் ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு: "முடிந்தது, இனி ஒருவரும் வரமாட்டார்கள், எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள்." எனக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. அந்த வசனத்தைத்தான் முதலில் பாடமாக்கினேன் என்று நினைக்கிறேன்.

ஒருவரும் போகவில்லை. தொண்ணூறுகளில் பனி திரும்ப வந்தது, ஆட்களும் வந்தார்கள். இடையில் மலைக்காரர் கடன்பட்டு, செயற்கைப் பனி துப்பும் பனிப்பீரங்கிகள் வாங்கினார்கள். கிழவன் சொன்னது பொய்த்துப்போனது என்று நான் பல வருசம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்று அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

2023 ஜனவரி 7, சனி

பக்கத்துப் பள்ளத்தாக்கில் அடல்போடன் உலகக்கிண்ணப் போட்டி. ஹானென்மோஸ் கணவாயைத் தாண்டினால் அடல்போடன். இரண்டு ஊரும் ஒரே ஸ்கீ மலை, ஒரே டிக்கெட். சமையலறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூனிஸ்பெர்க்லி சரிவு மட்டும் வெள்ளைப் பாய் விரித்த மாதிரி, இரண்டு பக்கமும் பச்சை. ஒடர்மட் வென்றான். சனம் வழமைபோல நெரிந்து நின்றது, ஆனால் சேற்றில்.

என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கல்காரன், "பனியை இயந்திரம் செய்கிறதே, பிறகு ஏன் எல்லா இடமும் செய்யவில்லை?" என்று கேட்டான். நான் ஏ-லெவலில் படித்த பௌதிகம் முப்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகு இன்றுதான் உதவியது. குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி! காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது, ஈரப்பதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை கிட்டத்தட்ட மைனஸ் இரண்டுக்குக் கீழே போனால்தான் பீரங்கி துப்புகிற தண்ணீர் நிலத்தில் விழமுன் உறையும். உலர்ந்த காற்றென்றால் பூச்சியத்துக்குக் கிட்டவும் செய்யலாம். மழைக்கால ஈரக்காற்றில் மைனஸ் ஒன்றிலும் நடக்காது. ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு இரண்டு, இரண்டரைக் கனமீட்டர் பனி. ஆக, தண்ணீர், மின்சாரம், குளிர் மூன்றும் ஒரே இரவில் சேர வேண்டும். முதல் இரண்டையும் காசுக்கு வாங்கலாம்.

அவன் கேட்டுவிட்டு, "எனக்கு ஏப்ரல் வரை ஒப்பந்தம். மார்ச்சில் அனுப்பிவிடுவார்களா?" என்றான். அதுதான் உண்மையில் அவன் கேட்க வந்த கேள்வி.

2023 ஜனவரி 11, புதன்

கிஸ்டாட் பக்கத்தில் ஹெலிகொப்டரில் பனி அள்ளி வந்து ஓடுபாதையின் ஓட்டையை அடைத்தார்களாம். பேப்பர் முழுக்க அதுதான். சாப்பாட்டுக்கூடத்தில் திட்டாதவர் இல்லை. திட்டியவர்களில் பாதிப்பேர் மேலே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அடுத்த நிமிடமே தொலைபேசியில் பார்த்தார்கள்.

மகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து நின்று விருந்தினரிடம் கேட்டிருக்கிறாள். கேள்வியை அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோல்ஃப் பூர்கி என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சுவிஸில் கேட்டிருக்கிறார்: பனி குறைந்த மாரிகள் தொடர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்? அதே இடத்தில் அதே அளவு ஓடுவோம் என்றவர்கள் நூற்றுக்கு 30. அதே அளவு, ஆனால் பனி நிச்சயமான இடத்தில் என்றவர்கள் 28. குறைத்துக்கொள்வோம் என்றவர்கள் 32. விட்டுவிடுவோம் என்றவர்கள் வெறும் 4. அவுஸ்திரேலியாவில் 1996இல் கேட்டபோது 38 வீதம் வெளிநாடு போவோம் என்றார்களாம். அங்கே மலைகள் உயரம் குறைவு, போக வேறிடம் உள்நாட்டில் இல்லை.

"நாலு பேர்தான் விடுவினமாம் அப்பா. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

அந்த 28 ஐப் பார் என்றேன். அவர்கள் ஸ்கீயை விடமாட்டார்கள், லெங்கைத்தான் விடுவார்கள். ஸ்கீ தொழிலுக்கு அது நட்டமில்லை. எனக்குத்தான் நட்டம்.

ஒரு மலை பனிக்கு நம்பிக்கையானதா என்று பார்க்க இங்கே ஒரு பழைய கணக்கு உண்டு: மாரியில் நூறு நாளாவது 30 சென்றிமீட்டர் பனி கிடக்க வேண்டும். அந்தக் கோடு முன்பு 1,200 மீட்டரில் இருந்தது. அது 1,500க்கு ஏறினால் சுவிஸ் ஸ்கீ மலைகளில் நம்பக்கூடியவை 85 வீதத்திலிருந்து 63 ஆகும் என்று பூர்கியும் கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் லிஃப்டுகள் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவிலும் மேலுமாக நிற்கின்றன.

இனி என் கணக்கு. கிழவன் காலத்தில் வேறிடம் போவது லேசில்லை. பேர்ணிலிருந்து வலே மாநிலத்து உயர்ந்த மலைகளுக்குப் போக அரைநாள். 2007இல் லொட்ச்பெர்க் ரயில் அடிச்சுரங்கம் திறந்தது, 34.6 கிலோமீட்டர். இப்போது பேர்ணிலிருந்து வலேயின் விஸ்ப் நகருக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அங்கிருந்து ஸெர்மட், சாஸ்-ஃபே என்ற உயரமான ஸ்கீ ஊர்கள். அந்தச் சுரங்கத்தின் வாய் எங்கள் மலைகளின் காலடியில், ஃப்ருட்டிகனில்தான் இருக்கிறது! இங்கே வர வேண்டியவனை எங்கள் வாசலாலேயே கூட்டிப் போகிறது. பருவச்சீட்டும் அப்படித்தான். ஒரு சீட்டில் நாலைந்து மலை. காலையில் கட்டிலில் கிடந்தபடி கமராவில் பார்த்து, எங்கே வெள்ளையோ அங்கே ரயில் ஏறுகிறான். பேர்ண், தூண் பக்கத்து ஒருநாள் ஆட்கள் இந்தப் பத்து நாளில் கண்ணிலேயே படவில்லை. மகளின் தாளில் அவர்கள் ஒருவரும் இல்லை. இல்லாதவனிடம் எப்படிக் கேள்வி கேட்பது? அதைக் கட்டுரையில் எழுது என்றேன், குறித்துக்கொண்டாள்.

2023 ஜனவரி 17, செவ்வாய்

பொங்கலுக்குப் பொங்கினோம், அதன்பின் ஸ்னோ கொட்டுது. எட்டேகாலுக்குச் சாப்பாட்டுக்கூடம் காலி. முட்டை மிச்சம்.

2023 ஜனவரி 28, சனி

சின்னவனின் வகுப்பு ஸ்கீ முகாமுக்குப் போய் வந்தது. 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுக் காசுதான் வாங்கலாம், நாளுக்குக் கூடியது 16 பிராங்க். அதற்கு முன்பு எங்கள் ஆட்கள் பலர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தது எனக்குத் தெரியும். காசுக் கஷ்டம் பாதி, கால் முறியும் என்ற பயம் பாதி.

மூன்று நாள் ஓடினானாம், இரண்டு நாள் பனி பழுதாகி நீச்சல் தடாகம். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஸ்கீ என்பது சின்ன வயதில் காலில் ஏற வேண்டியது. நாற்பதில் ஒருவனும் தொடங்கமாட்டான். பிள்ளைகள் பழகுவது கிராமத்து அடிவாரத்தில் இருக்கும் சின்னக் கயிற்று லிஃப்டுகளில், அவைதான் முதலில் மூடுகின்றன. பனி நிச்சயமான ஸெர்மட்டுக்கும் ஆள் இங்கிருந்துதான் நாற்றாகிப் போகிறது. நாற்றுமேடை காய்ந்தால் வயலுக்கு எதை நடுவது? பூர்கியின் நாலு கட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை; அவர்கள் விட்டுவிடவில்லை, தொடங்கவேயில்லை.

2023 பெப்ரவரி 21, செவ்வாய்

பாசல் பள்ளி விடுமுறை. இருபது வருசத்துக்கு மேலாக இதே கிழமையில் வருகிற ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். முதலில் இரண்டு பிள்ளைகளோடு, பிறகு தனியே, இப்போது பேரனோடு. தங்கள் ஸ்கீக் கட்டைகளை வருசம் முழுக்க எங்கள் நிலவறையிலேயே வைத்திருப்பவர்கள். மழையே இல்லை, வெயில், மலையின் தெற்குப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. செயற்கைப் பனி மட்டும் மிச்சம். கணவர் காலையில் இரண்டு தரம் ஓடிவிட்டு வந்து விடுகிறார். அந்த அம்மா நடக்கப் போகிறார். மலைப்பாதையில் பிப்ரவரியில் சப்பாத்து நனையாமல் நடந்ததாகச் சொன்னார், சந்தோஷமா கவலையா என்று முகத்தில் தெரியவில்லை.

போர்த்துக்கல்காரனை மார்ச் நடுப்பகுதியோடு நிறுத்துகிறார்கள். கேள்விப்பட்டதும் அவன் செய்த முதல் வேலை வலேயில் இருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தது.

2023 மார்ச் 4, சனி

பாசல்காரர் புறப்பட்டார்கள். மகள் அவர்களிடம் முன்பே கேட்க விரும்பி, துணிவில்லாமல் இருந்தாள். இன்று சாமான் ஏற்றும்போது கேட்டுவிட்டாள்.

அந்த அம்மா சொன்னார்: அடுத்த வருசத்துக்கும் இதே அறையை, இதே கிழமைக்குப் பதிவு செய்தாயிற்று. முற்பணமும் கட்டியாயிற்று. வேறெங்கே போவது, எங்களுக்கு இங்கே எல்லாரையும் தெரியுமே.

கணவர் அதற்குள் நிலவறையிலிருந்து ஸ்கீக் கட்டைகளைக் கொண்டுவந்து காரின் கூரையில் கட்டிக்கொண்டிருந்தார். இருபது வருசத்தில் அவற்றை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவது இதுதான் முதல் தடவை. ஈஸ்டருக்குப் பேரனோடு சாஸ்-ஃபே போகிறாராம்.

கார் வளைவில் மறையும்வரை கை காட்டினோம். மகள் தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனையைக் கடித்தாள்.

"இவையை எந்தக் கட்டத்திலை போடுறது அப்பா? அதே இடமா, வேற இடமா?"

"ரெண்டிலையும் போடு."

"அப்பிடிப் போடேலாது. கூட்டினா நூறைத் தாண்டும்."